டயர் தோஷம்

சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் செத்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அர்ஜுனன் முதலில் பார்த்தது குகனுடைய மோட்டார் சைக்கிள் டயரை.

ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியின் கீழே கூடாரம் போட இடம் வேண்டும் என்று, அங்கே நின்ற மோட்டார்களையெல்லாம் யாரோ ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். கையில் மாலையோடு வந்த அர்ஜுனன், குகனுடைய மோட்டார் பக்கத்தில் வந்ததும் நின்றான். செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் குனிந்தான். இரண்டு டயரும் புத்தம் புதியவை. புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அவைகூட இன்னும் உதிரவில்லை. கறுகறுவென்று, ஆழமான வெட்டுகளோடு, மழைக்கென்றே செய்த நல்ல டயர்கள். இப்போதுதான் போட்டிருப்பான் போல, பாவம் என்று நினைத்தான். அந்தப் பாவம் குகனுக்கா டயருக்கா என்று கேட்டால் அவனாலேயே பதில் சொல்ல முடியாது.

கூடாரத்துக்குள் பெட்டியில் குகன் கிடந்தான். நாற்பத்து மூன்று வயது. ராத்திரி படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை, நெஞ்சு நின்றுபோயிருந்தது. அர்ஜுனன் மாலையைப் போட்டுவிட்டு அழுதான். பொய் அழுகை என்று சொல்லிவிட முடியாது, இருபது வருடப் பழக்கம். ஆனால் கண்ணைத் துடைக்கும்போதே, தன் மோட்டாரும் அதே ரகம், டயர் அளவும் ஒன்றுதான் என்பது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அர்ஜுனன் இல்லாதப்பட்டவன் இல்லை. பாயான் லெப்பாசில் ஒரு கிடங்கில் நிரந்தர வேலை. மனைவி பிரமிளா பள்ளிக்கூட கேண்டினில் சமைக்கிறாள். வீட்டில் மீன் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது, தீபாவளிக்கு நாலு செட் சட்டை எடுப்பான். மோட்டார் டயருக்குக் காசு கொடுப்பது என்றால் மட்டும் உயிரைப் பிடுங்குவதுபோல் இருக்கும். தரையில் உரசித் தேய்ந்து போகிற சாமானுக்கு எவனாவது காசைக் கொட்டுவானா என்பான். காசில்லாதவன் மிச்சம் பிடித்தால் அது பிழைப்பு. இவனுக்கு அது ஒரு பெருமை.

அந்தப் பெருமைக்காக அவன் செய்யாத வித்தை கிடையாது. பின் டயர் தேய்ந்தால் முன்னால் மாற்றுவான், முன் டயரைப் பின்னால் போடுவான். கடையில் வருடக் கணக்காய்க் கிடந்து காய்ந்துபோன டயரைப் பேரம் பேசி வாங்குவான். அதுவும் மொட்டையானால், ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலில் பிளேடைக் கட்டி, வழுக்கை டயரில் தானே புதிதாக வெட்டுகள் போடுவான். டயர் வெட்டுகளை மலாய்க்காரர்கள் பூ என்பார்கள், நம்மவர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டார்கள். அர்ஜுனன் உட்கார்ந்து பூ வெட்டினால் ரப்பர் கருகுகிற நாற்றம் மூன்று மாடிக்குப் போகும். கறுப்புப் பாலிஷும் தடவிவிட்டால், தூரத்தில் பார்க்கிறவன் புது டயர் என்றே சத்தியம் செய்வான். ஆனால் அந்தப் பூ தோல் அளவுதான். இரண்டு மூன்று வாரம் ஓடினால் இருந்த இடம் தெரியாது. உள்ளே இருக்கிற நூல் எட்டிப் பார்க்கும்.

குகன் செத்த சமயத்தில் அர்ஜுனனின் மோட்டார் அப்படி மூன்றாவது தடவை பூ வெட்டிய டயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ்காரன் ஒருவன் சாலைத் தடுப்பில் நிறுத்தி, டயரை விரலால் தடவிப் பார்த்து, இந்தத் தடவை போ, அடுத்த தடவை சம்மன் என்று அனுப்பியிருந்தான். மழைக் காலம் வேறு. இனி வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை. அந்த நேரத்தில்தான் கூடாரத்துப் பக்கத்தில் அந்த இரண்டு டயரும் ஓட்ட ஆள் இல்லாமல் நின்றன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். வந்தவர்கள் கிளம்பிப் போக, வீட்டில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். குகனின் மனைவி நவமணி. சுங்கை பாக்காப்பிலிருந்து வந்து தங்கியிருந்த குகனின் அக்கா காமினி. அப்புறம் அர்ஜுனன். சாப்பிட்டுவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருந்தானே, அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். யார் சந்தேகப்படுவார்கள், பதினாறு நாளும் வந்து நாற்காலி அடுக்கியவன் அவன்.

"திங்கக்கெழம வேலைக்குப் போறேன்கா," என்றாள் நவமணி. "அவரு மோட்டார எடுத்துட்டுத்தான் போவணும்."

காமினி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அவன் ஓட்டுன மோட்டார நீ ஓட்டுறதா? ஒரு வருசமாச்சும் போவட்டும்."

"ஒரு வருசம் கழிச்சு வேல இருக்காதுக்கா. கம்பெனி வேனு தீவுப் பக்கம் வர்றத நிப்பாட்டிட்டாங்க. பஸ்ஸு புடிச்சு, ஃபெரி ஏறி, அங்க எறங்கி மறுபடி பஸ்ஸு புடிச்சா ஏழு மணிக்குள்ள பிறைக்குப் போயி சேர முடியாது. வேனு நின்ன வாரத்துல ரெண்டு நாளு லேட்டு. அப்புறம் அவருதான் ஏத்திட்டுப் போயி விட்டாரு. இன்னொரு தடவ லேட்டானா கான்ட்ராக்ட் கெடையாதுன்னு லீடரு சொல்லிட்டா. ஆஸ்பத்திரி, கோயிலுன்னு எந்தக் கதையும் சொல்லாதேன்னா."

அதுதான் நிலைமை. கடலுக்கு அக்கரையில், பிறையில் இருக்கிற அந்த மின்சாமான் தொழிற்சாலை வேலை ஒன்றுதான் இனி அந்த வீட்டுக்குச் சோறு. மகள் ஐந்தாம் படிவத்தில், பள்ளியின் கடைசி வருடத்தில், படிக்கிறாள். வேலைக்கு நேரத்தில் போக அந்த மோட்டார் ஒன்றுதான் வழி. கல்யாணத்துக்கு முன்னாலேயே எடுத்த லைசன்ஸ் நவமணியிடம் இருந்தது. காமினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அர்ஜுனன் தொண்டையைச் செருமினான். இத்தனை நாளும் அவன் மனசுக்குள் உருட்டி உருட்டிச் செய்து வைத்திருந்த பொய் அது. வாய் கூசாமல் வெளியே எடுத்தான்.

"காமினி அக்கா சொல்றதுல விசயம் இருக்கு, நவமணி. தோசம் இருக்கத்தான் செய்யும். ஆனா அது மோட்டார்ல இல்ல. டயர்ல."

"டயர்லயா?"

"ஆமா. மண்ணுல படுறது அதுதானே. போனவரு கடசியா போன தடம் அந்த டயர்லதான் ஒட்டியிருக்கும். அதோட வீட்டு ஆளு யாராச்சும் ஓட்டுனா, அவரு போன எடத்துக்கே இழுக்கும்னு சொல்வாங்க. டயர மட்டும் மாத்திட்டா போதும். தாசேக் கெலுகோர் பக்கம் எங்க சொந்தக்காரங்க எல்லாம் இப்படித்தான் செய்யறது."

பச்சைப் பொய். தாசேக் கெலுகோரில் அப்படி ஒரு வழக்கமும் இல்லை, அங்கே அவனுக்குச் சொந்தக்காரர்களும் இல்லை. அந்த வீட்டில் யாருக்கும் அந்த ஊர் பழக்கமில்லை என்பதால் அந்த ஊரைச் சொன்னான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவனே எதிர்பார்க்கவில்லை. தனக்குத் தெரியாத ஒரு சடங்கு இருக்கிறது என்பதைக் காமினியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "எங்க சுங்கை பாக்காப்லயும் உண்டு," என்றாள். "எங்க மாமனாரு தவறுனப்போ அவரு லோரிக்கு நாலு டயரையும் மாத்துனாங்க. எதுக்குன்னு அப்பத் தெரியல. இப்பல்ல தெரியுது." உண்மையில் மாமனாரின் லோரியை விற்றார்கள், வாங்கியவன் டயர் கேட்டான், மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் அவள் அதைச் சொல்லி முடித்தபோது அது முன்னோர் காலத்து வழக்கமாகிவிட்டது. அர்ஜுனனுக்கே ஒரு கணம் உண்மையாக இருக்குமோ என்று தோன்றியது.

நவமணி தலையைக் குனிந்துகொண்டாள். "அது புதுசுண்ணே," என்றாள் மெதுவாக. "இப்பதான் போட்டாரு."

"புதுசா இருந்தா இன்னும் மோசம்மா. பழசுன்னா தேஞ்சு போயிருக்கும். புதுசுல தடம் அழியாம அப்படியே நிக்கும்."

காமினி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். நவமணி என்ன செய்வாள், கணவன் போய்ப் பதினாறு நாள்தான் ஆகிறது, எதைச் சொன்னாலும் நம்புகிற நேரம் அது. கழற்றுகிற டயரை என்ன செய்வது என்று கேட்டாள். வீட்டு ஆளுக்குத்தான் தோஷம், வெளி ஆளுக்கு ஒன்றும் இல்லை, யாருக்காவது கொடுத்து அனுப்பிவிடுகிறேன் என்றான் அர்ஜுனன். வேறு டயருக்கும் தானே பொறுப்பு என்றான். கடைக்காரன் தெரிந்தவன், நல்ல செகண்ட் ஹேண்ட் ஒரு செட் எடுத்து வருகிறேன், நீ ஒன்றுக்கும் அலைய வேண்டாம் என்றான்.

"நீங்க இல்லன்னா என்னா பண்ணுவேன் அண்ணே," என்றாள் நவமணி. அவன் அதையும் தலையசைத்து ஏற்றுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை முடித்தான். தன் மோட்டாரின் இரண்டு மொட்டை டயரையும் கழற்றி, அவசர அவசரமாக நாலாவது தடவை பூ வெட்டி, பாலிஷ் போட்டு, ஒரு கடைப் பையில் போட்டுக்கொண்டு குகன் வீட்டுக்கு நடந்தே எடுத்துப் போனான். கடைப் பை எதற்கு? கடையிலிருந்து வந்ததுபோல் இருக்கட்டும் என்றுதான். பின் டயரில் ஓரிடத்தில் பிளேடு கொஞ்சம் ஆழமாய் இறங்கி நூல் தெரிந்தது. அதன்மேல் இன்னும் கொஞ்சம் பாலிஷ் தடவினான். இரும்புப் பட்டையை வைத்து நெம்பி, வியர்வை சொட்டச் சொட்ட, அவளுடைய நல்லதைக் கழற்றித் தன்னுடைய நாசத்தை மாட்டினான். நவமணி பக்கத்தில் நின்று அவனுக்குத் துணியும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தாள்.

"எவ்வளவுண்ணே ஆச்சு?"

"அட, வுடு லா."

"இல்லண்ணே. சும்மா வாங்குனா அதுவும் ஒரு கடனாயிடும். சொல்லுங்க." சாவுக்கு வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன உறைகளில் ஒன்றைப் பிரித்து நோட்டுகளை நீட்டினாள்.

கொஞ்சம் தயங்கினான் என்று சொன்னால் அவனுக்குப் புண்ணியமாகப் போகும். அவன் தயங்கவில்லை, யோசித்தான். வாங்காவிட்டால் சந்தேகம் வரும் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டான். "பாதி வெல போதும். நானும் நீயும் அப்படியா பழகியிருக்கோம்," என்று எண்பது வெள்ளியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். குப்பையில் போட வேண்டிய டயருக்கு, செத்தவன் வீட்டுச் சாவுக் காசு எண்பது வெள்ளி. இப்படியும் ஒரு பிறவி.

சாயங்காலம் தன் மோட்டாரில் குகனின் டயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோது பிரமிளா கீழே இறங்கி வந்தாள். ஒரு பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஏங்க, இது குகன் டயருதானே? அதுல தோசம்னு நவமணி சொன்னாளே. நமக்கு ஒண்ணும் ஆவாதா?"

"தோசமாவது ஒண்ணாவது. அது நான் கட்டிவிட்ட கத."

பிரமிளா திட்டப் போகிறாள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒங்களுக்கு எங்கேயிருந்துதான் இப்படியெல்லாம் தோணுதோ," என்றாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இருந்தாலும் மேலே போய் இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். சும்மா, ஒரு மனத் திருப்திக்கு என்றாள். கதையைக் கட்டியவனும் மறுக்காமல் பழத்தின்மேல் மோட்டாரை ஏற்றி நசுக்கினான். பொய் என்று தெரிந்தாலும் செத்தவன் டயர் செத்தவன் டயர்தானே.

டயர் என்றால் அதல்லவா டயர். ஈரச் சாலையில் பிரேக் பிடித்தால் ஆணி அடித்த மாதிரி நின்றது. இத்தனை வருடமும் மழையில் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஓட்டியவனுக்கு, மோட்டார் ஓட்டுவது இத்தனை சுகமா என்று இருந்தது.

நவமணி திங்கட்கிழமையிலிருந்து பிறைக்கு ஓட்டினாள். விடியுமுன் கிளம்பி, நீளமான பாலத்தையும் கடந்து, ஏழு மணிக்குள் போய் அட்டையைத் தட்டினாள். முதல் வாரம் ஒரு நாளும் லேட் இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற தேதி மாதக் கடைசியில் வருகிறது, அதுவரை இப்படியே ஓட்டிவிட்டால் போதும் என்று பிரமிளாவிடம் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாவது வாரம் பிரமிளா சோறு போடும்போது சொன்னாள், "நவமணிக்கு மோட்டாரு ரொம்ப ஆடுதாம். வளைவுல பின்னாடி யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி இருக்காம். நீங்க ஒரு தடவ போயி பாருங்களேன்."

அர்ஜுனன் மீன் முள்ளை எடுத்துத் தட்டோரத்தில் வைத்தான். போய்ப் பார்த்தால் என்ன தெரியும் என்பது அவனுக்குப் பார்க்காமலே தெரியும். பூ போயிருக்கும், நூல் வெளியே வந்திருக்கும். பார்த்துவிட்டால் பிறகு ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். "புதுசா ஓட்டுறா. பழகுனா சரியாயிடும்," என்றான்.

"அவரு இழுக்கறாரோன்னு பயப்படுறா."

"அப்ப இன்னும் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லு."

இரண்டு நாளில் அது நடந்தது. விடியற்காலை மழை. பாலத்தைத் தாண்டி, பிறைக்குத் திரும்புகிற வளைவில், முன்னால் போன லோரி வேகத்தைக் குறைத்தது. நவமணி பிரேக்கை மிதித்தாள். பின் சக்கரம் நிற்காமல் பக்கவாட்டில் போனது. அவள் ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம். பின்னால் வந்த கார் கொஞ்சம் தள்ளி நின்றதால் உயிர் தப்பியது. இடது மணிக்கட்டு இரண்டாக ஒடிந்துபோனது. அந்த வழியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஹஸ்ருல் என்கிற மலாய்க்காரர் ஒருவர்தான் மழைக்கோட்டைக் கழற்றிப் போர்த்தி, ஆம்புலன்சைக் கூப்பிட்டு, மோட்டாரையும் ஓரமாக நிறுத்தி, அது வீட்டுக்கு வந்து சேரும்வரை உதவியிருக்கிறார். முன்பின் தெரியாத மனுசன்.

தொழிற்சாலையில் லீடர் சொன்னபடியே செய்தாள். கை கட்டுப் பிரிய ஆறு வாரம், ஒற்றைக் கையால் அந்த வேலை செய்ய முடியாது, கான்ட்ராக்ட் முடிகிற தேதியோடு வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள்.

செய்தி கேட்டதும் அர்ஜுனனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவளுக்கு என்ன ஆயிற்றோ என்றா? அதுவும் கொஞ்சம் இருந்தது. ஆனால் ராத்திரி தூங்க விடாமல் குடைந்தது அது இல்லை. கீழே விழுந்த மோட்டாரை எவனாவது பார்த்திருப்பான். டயரைப் பார்த்திருப்பான். அவளிடம் சொல்லியிருப்பான். நாலு நாள் பொறுத்து, யாரும் சண்டைக்கு வரவில்லை என்று ஆனதும், ஆரஞ்சுப் பழமும் ஒரு மைலோ டின்னும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனான்.

காமினி திரும்பவும் வந்து தங்கியிருந்தாள். நவமணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், இடது கை முழங்கை வரைக்கும் மாவுக் கட்டு. கன்னத்தில் சிராய்ப்பு காய்ந்து கறுத்திருந்தது. அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். உட்காரும்மா என்று சொல்லிவிட்டு, சுவரில் மாலை போட்டிருந்த குகன் படத்துக்கு முதுகு காட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான். காமினி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எப்படிம்மா விழுந்த?"

"தெரியலண்ணே. மெதுவாத்தான் போனேன். தூக்கிவிட்டாரே அந்த மலாய்க்காரரு, டயரு மொட்டையாப் போச்சு, இத வச்சிக்கிட்டா ஓட்டுனேன்னு திட்டுனாரு."

அர்ஜுனன் கோப்பைக்குள் பார்த்து ஊதினான்.

"நான் சொன்னேன், இல்ல, எங்க அண்ணன் இப்பதான் மாத்திக் கொடுத்தாரு, பூவெல்லாம் நல்லா இருந்துச்சு, நானே பாத்தேன்னு. அவரு என் கையப் புடிச்சு டயர்ல வச்சுக் காட்டுனாரு. ஒண்ணுமே இல்லண்ணே. வழுவழுன்னு இருக்கு. மூணு வாரத்துல ஒரு டயரு அப்படியா ஆவும்?"

அர்ஜுனனைக் காப்பாற்ற அந்த வீட்டிலேயே ஆள் இருந்தது.

"அதான் நான் அன்னிக்கே சொன்னேனே," என்றாள் காமினி. "ஒரு வருசம் போவட்டும்னு. டயர மாத்துனாலும் அவன் வுடல. மாத்துன டயரோட பூவையும் தின்னுருக்கு பாரு. மூணே வாரத்துல. மனுசன் ஓட்டித் தேயுற தேய்மானமா அது?"

"இருக்கும்க்கா," என்றான் அர்ஜுனன். தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்தான். "சில பேருக்கு அப்படி ஆவும்னு தாசேக் கெலுகோர்லயும் சொல்வாங்க."

காமினி பாத்திரம் கழுவ உள்ளே போனாள். நவமணி மடியில் கிடந்த மாவுக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கிளம்பலாமா என்று யோசித்தபோது தலையைத் தூக்கினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கேளும்மா."

"அவருக்கு என் மேல என்னா கோவம்ணே?"

அர்ஜுனன் அடுப்படிப் பக்கம் பார்த்தான்.

"வேல போச்சு, கை ஒடஞ்சிச்சு, அதெல்லாம் பரவால்ல. எங்கயாவது கழுவித் தொடச்சாவது மவள பாத்துக்குவேன். ஆனா பத்தொம்பது வருசம் ஒண்ணா இருந்த மனுசன் என்னைய ரோட்டுல தள்ளிவிட்டுட்டாரேன்னு நெனச்சா தூக்கம் வர மாட்டேங்குது. அந்த வளைவுல பின்னாடி இழுத்துச்சுண்ணே. நெசமா இழுத்துச்சு. நீங்க அவருகிட்ட எல்லாத்தையும் பேசுவீங்களே. ஒங்ககிட்ட எதுனா சொன்னாரா?"

அந்தப் பெண்ணுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். அவரு தள்ளல, அது என்னுடைய பழைய டயரு. அவ்வளவுதான். சொன்னால் அவள் அவனைக் காறித் துப்பியிருப்பாள், காமினி ரைபிள் ரேஞ்ச் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பாள், பிரமிளாவுக்குக் கடைக்குப் போக முகம் இருந்திருக்காது. ஆனால் நவமணி அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பாள். அந்த வாக்கியம் அவன் தொண்டை வரைக்கும் வந்ததா என்றால் வரவில்லை. வந்ததாகச் சொல்லி அவனுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

"போறதுக்கு முன்னாடி," என்று மெதுவாக ஆரம்பித்தான், "ஒங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் மனஸ்தாபம் இருந்துச்சா?"

நவமணியின் முகம் மாறியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யாருகிட்டயும் சொல்லலண்ணே. அன்னிக்கு ராத்திரிதான். புது டயரு ரெண்டும் போட்டுட்டு சந்தோசமா வந்தாரு. கீழ வந்து பாருன்னு கூப்பிட்டாரு. வெல கேட்டேன், சொன்னாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம். மவளுக்கு டியூசன் காசு கட்டல, ஒங்களுக்கு டயரு கேக்குதான்னு கேட்டேன். அர்ஜுனன் அண்ணனப் பாத்துக் கத்துக்கங்க, ஒரே டயர வச்சிக்கிட்டு அவரு எத்தன வருசம் ஓட்டுறாரு, எப்படி மிச்சம் புடிக்கறாரு, நீங்களும் இருக்கீங்களேன்னு திட்டுனேன். ரொம்பத் திட்டிட்டேன்ணே."

"அவன் என்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. மழ காலம், ஒன்ன பின்னாடி ஏத்திக்கிட்டு பாலத்துல போறேன், வழுக்கி விட்டுட்டா என்னா பண்றது, அதான் நல்லதா போட்டேன். அவ்வளவுதான் சொன்னாரு. சோறு போட்டேன், சாப்புடல. போயி படுத்துட்டாரு. காலையில எழுப்புனேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நவமணி கண்ணைத் துடைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அதெல்லாம் ஒன்றும் இல்லம்மா, புருசன் பொண்டாட்டிக்குள்ள வராத சண்டையா, அதையா மனசில வச்சிருப்பான் என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தாள். தெருவில் போகிற எவனும் அதைச் சொல்லியிருப்பான். ஹஸ்ருல் சொல்லியிருப்பார்.

அர்ஜுனனுக்கு வேறு ஒன்று தெரிந்தது. அவளே காரணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறாள். இதோடு டயர் பேச்சு முடிந்துவிடும், யாரும் எதையும் தோண்ட மாட்டார்கள்.

"அதாம்மா," என்றான். "அந்த மனக்கொறதான். சாப்புடாம போயிட்டான்ல. அது அப்படியே நிக்குது."

நவமணி மெதுவாகத் தலையை ஆட்டினாள். "நானும் அப்படித்தாண்ணே நெனச்சேன்," என்றாள். "என்னா பண்ணா சரியாவும்?"

"மன்னிப்பு கேட்டுக்க. தெனமும் வெளக்கு வச்சுக் கேளு. கேட்டா எறங்கிடுவான்."

அவள் வலது கையை ஊன்றி எழுந்தாள். குகன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கும்பிடுவதற்கு இடது கையைத் தூக்கப் பார்த்து, முடியாமல், வலது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "தெரியாம சொல்லிட்டேங்க," என்றாள். "டயரு போட்டது தப்பே இல்லங்க. என்னையத்தான் நெனச்சு போட்டீங்க. இனிமே அப்படிச் சொல்ல மாட்டேன். கோவத்த வுட்டுடுங்க."

அவள் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது நன்றாக இருக்காது என்று அர்ஜுனன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். அவள் பக்கத்தில் போய் நின்று, இரண்டு கையையும் கூப்பிக் குகனைக் கும்பிட்டான்.